350 ரூபா கிச்சன் தராசு, ஏழு மாச யூஸுக்கு அப்புறம் என் ரிவ்யூ (கூடவே 2,200 ரூபா ஃபிட்னஸ் பேண்ட் பத்தியும்)

ஏப்ரல் மாசம் கீழமாசி வீதி பக்கம் ஒரு பாத்திரக்கடைல வாங்குனது இது. வெள்ளை பிளாஸ்டிக், மேல வட்டமா ஒரு தட்டு, 10 கிலோ வரைக்கும் நிறுக்கும், ஒவ்வொரு கிராமா காட்டும், ரெண்டு பென்சில் பேட்டரி போடணும். எல்லா ஆன்லைன் கடைலயும் இதே சைஸ்ல பத்து பேர்ல கிடைக்கும், பாத்தா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி தான் இருக்கும், அதனால பிராண்ட் பேர் சொல்லி பிரயோஜனம் இல்ல. 350 ரூபா குடுத்தேன். அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஜனவரில கைல கட்டுற ஃபிட்னஸ் பேண்ட் ஒன்னு 2,200 ரூபாய்க்கு வாங்கிருந்தேன். ரெண்டையும் சேத்து சொன்னா தான் இந்த தராசோட அருமை புரியும், அதனால கொஞ்சம் நீளமா தான் எழுதுறேன், எடைய குறைக்கணும்னு நினைக்கிறவங்க பொறுமையா படிங்க.

எனக்கு வயசு 44, உயரம் 168 சென்டிமீட்டர், ஜனவரில எடை 84 கிலோ. உக்காந்தே பாக்குற வேலை. அம்மாவுக்கு சுகர், அப்பாவுக்கும் இருந்துச்சு. பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்குற கணக்கு, 30 கிட்ட வருது, நம்ம ஊரு ஆளுங்களுக்கு 23 தாண்டுனாலே அதிகம், 25 தாண்டுனா உடல் பருமன்னு தான் இந்திய டாக்டர்களோட கணக்கு, வெள்ளக்காரங்களுக்கு வச்சிருக்கிற 30ங்கிற கோடு நமக்கு ஒத்து வராது, ஏன்னா நமக்கு வயித்துல தான் கொழுப்பு சேரும், எடை கம்மியா இருக்கும்போதே சுகர் வந்துரும். இடுப்பு சுத்தளவு ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், எனக்கு 101. அதான் பயந்து போய் பேண்ட வாங்கிட்டு தெப்பக்குளத்துல நடக்க ஆரம்பிச்சேன்.

மதுரைக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்த சுத்தி காலைல அஞ்சரைக்கே திருவிழா மாதிரி கூட்டம் இருக்கும். ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். நான் 50 நிமிஷம் நடப்பேன், போன்ல பாத்தா நாலு கிலோமீட்டரும் கொஞ்சமும் காட்டும். முடிச்ச உடனே பேண்ட பாப்பேன், 390 கலோரின்னு பச்சை வட்டம் போட்டு காட்டும். அத பாக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அம்புட்டு வேலை பாத்துட்டோம்டான்னு தோணும். கூட நடக்குற அண்ணே ஒருத்தர் இருக்காரு, பேங்க்ல ரிட்டையர் ஆனவரு, அவரோட அப்படியே ரோட்ட தாண்டி டீக்கடைல ரெண்டு உளுந்த வடை, ஒரு டீ. வீட்டுக்கு வந்து இட்லி தோசை வழக்கம் போல. போன்ல ஒரு ஆப்ல சாப்பாட்ட குறிச்சு வைப்பேன், அது பேண்டோட பேசிக்கிட்டு, இன்னைக்கு நீங்க இன்னும் 390 சாப்பிடலாம்னு அதுவே கணக்குல கூட்டிக் குடுத்துரும். நானும் நம்பி சாப்பிட்டேன்.

மூணு மாசம், மழை பெஞ்ச ரெண்டு நாள தவிர ஒரு நாள் விடல. ஏப்ரல் முதல் வாரம் ஏறி நின்னா 84.6. அரை கிலோவுக்கு மேல கூடியிருக்கு. அன்னைக்கு எனக்கு வந்த மனக்கஷ்டத்த சொல்லி மாளாது, காலைல தூக்கத்த விட்டு, கால் வலிக்க வலிக்க நடந்து, இதுக்காடான்னு இருந்துச்சு. நிறைய பேரு இந்த எடத்துல தான் நடக்கிறதயே விட்டுருவாங்க, எனக்கு தெரிஞ்சே நாலு பேரு விட்டாங்க.

அப்புறம் தான் உக்காந்து படிச்சேன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்காரங்க 2017ல கைல கட்டுற ஏழு வகை கருவிய 60 பேருக்கு கட்டி சோதிச்சு பாத்திருக்காங்க. இதயத் துடிப்ப பெரும்பாலும் சரியா காட்டுது, ஆனா எரிச்ச கலோரிய ஒன்னு கூட சரியா காட்டல, இருக்கிறதுலயே நல்ல கருவி சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. அதுக்கப்புறம் மாடல் எல்லாம் மாறிருச்சு, இருந்தாலும் கை ஆட்டத்தையும் நாடித் துடிப்பையும் வச்சு உடம்புக்குள்ள எம்புட்டு எரியுதுன்னு ஊகிக்கிறது தான் இன்னமும் வழி. ஊகம் ஊகம் தான்.

சரி உண்மைல எம்புட்டு தான் எரியும்னு கேட்டா, சமதரைல நடக்கிறதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, உங்க எடைல பாதி, அதான் ஒரு கிலோமீட்டருக்கு கூடுதலா செலவாகுற கலோரி. எனக்கு 84ல பாதி 42, நாலே கால் கிலோமீட்டருக்கு 175, 180 வரும். பேண்ட் காட்டுன 390ல பாதி கூட இல்ல. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, நான் நடக்காம அந்த 50 நிமிஷம் சும்மா சேர்ல உக்காந்திருந்தாலும் உயிரோட இருக்கிறதுக்கே ஒரு 70 கலோரி எரிஞ்சிருக்கும், நிறைய கருவி அதையும் நடந்ததோட சேத்து தான் காட்டுது. அந்த எழுபது ஏற்கனவே நாள் கணக்குல இருக்கு, ரெண்டு தடவ எண்ணக் கூடாது.

இந்த கணக்கு தெரிஞ்ச அன்னைக்கு தான் பாத்திரக்கடைக்கு போனேன்.

முதல் நாள் நிறுத்தது அந்த வடை. டீக்கடைல ரெண்டு வடைய பேப்பர்ல மடிச்சு வாங்கிட்டு வந்து தட்டுல வச்சேன், ஒன்னு 58 கிராம், ஒன்னு 61. பேப்பர்ல எண்ணெய் ஊறி கண்ணாடி மாதிரி ஆகிருந்துச்சு. எண்ணெய்ல பொரிச்ச உளுந்து வடை 100 கிராமுக்கு சுமார் 300 கலோரின்னு வச்சாலும் ரெண்டுக்கும் 350, சர்க்கரை போட்ட டீயோட சேத்தா 430 கிட்ட வருது. நடந்து எரிச்சது 180. மூணு மாசமா தெனம் காலைல ஏழு மணிக்கே நான் 250 கலோரி கூடுதலா சேத்து வச்சிருக்கேன், அதுவும் உடற்பயிற்சிங்கிற பேர்ல. யாரும் என்ன ஏமாத்தல, ஆனா அந்த பச்சை வட்டம் இல்லேன்னா ரெண்டாவது வடைய நான் எடுத்திருக்க மாட்டேன்.

ரெண்டாவது நிறுத்தது மதியம் ஆபீஸுக்கு கட்டிட்டு போற சோறு. டப்பாவ வச்சு டேர் பட்டன அமுக்குனா சைபர் ஆயிரும், அப்புறம் வீட்டுக்காரம்மா எப்பவும் போடுற மாதிரியே போடச் சொன்னேன், அமுக்கி அமுக்கி வச்சதுல 430 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, அப்ப சோறு மட்டும் 560. நான் மூணு மாசமா ஆப்ல ஒரு கப் சோறு, 200 கலோரின்னு போட்டுட்டு இருந்தேன். பொய் சொல்லணும்னு போடல, எனக்கு அது ஒரு கப் மாதிரி தான் தெரிஞ்சுச்சு. கண்ணுக்கு அளவு தெரியாதுங்க, தெரியும்னு நினைக்கிறோம்.

ஆனா எல்லாத்தையும் விட பெரிய விஷயம் எண்ணெய். இத எப்படி நிறுக்கிறதுன்னு சொல்றேன், இந்த ஒரு வித்தைக்கே 350 ரூபா குடுக்கலாம். சட்டிய தராசுல வச்சு எண்ணெய்ய ஊத்தி பாக்காதீங்க, சரியா வராது, ஏன்னா இந்த மாதிரி விலை கம்மியான தராசு சைபர் கிட்ட இருக்கும்போது மெதுவா கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா அத எடையாவே எடுத்துக்காது, சைபர்லயே நிக்கும். நான் பத்து கிராம் ஊத்துன பிறகும் 0ன்னே காட்டுச்சு, தராசு கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். சரியான வழி என்னன்னா எண்ணெய் பாட்டில அப்படியே தராசுல வச்சு டேர் அமுக்குங்க, 0 வந்ததும் பாட்டில எடுத்துட்டு போய் உங்க இஷ்டத்துக்கு சமைங்க, முடிச்சிட்டு பாட்டில திரும்ப வைங்க, மைனஸ் 46ன்னு காட்டும். அம்புட்டு எண்ணெய் சட்டிக்கு போயிருக்குன்னு அர்த்தம். சமைக்கிறதுக்கு நேரம் ஆகும்னா அதுக்குள்ள தராசு தானா அணைஞ்சிரும், அப்ப பாட்டிலோட எடைய முன்னாடியும் பின்னாடியும் ஒரு பேப்பர்ல எழுதி கழிச்சுக்கோங்க.

அந்த மைனஸ் 46 நிஜமாவே எங்க வீட்டு கணக்கு. காலைல நாலு பேருக்கு 12 தோசை, அதுக்கு மட்டும் 46 கிராம். மதியம் குழம்பு, பொரியல், தாளிப்பு, ராத்திரி சப்பாத்தி குருமான்னு ஒரு வாரம் நிறுத்து சராசரி எடுத்தா ஒரு நாளைக்கு 150 கிராம். நாலு பேரால வகுத்தா ஆளுக்கு 38 கிராம் கிட்ட. மாசம் அஞ்சு லிட்டர் கேன் ஏன் காலியாகுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20ல இருந்து 30 கிராமுக்குள்ள. எண்ணெய் எதுவா இருந்தாலும், செக்குல ஆட்டுன நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ரீஃபைண்டோ நெய்யோ, ஒரு கிராமுக்கு 9 கலோரி தான், மாவுச்சத்து சர்க்கரைக்கெல்லாம் கிராமுக்கு 4. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது, எவ்வளவு வேணாலும் ஊத்தலாம்னு எங்க வீட்லயே பேச்சு இருந்துச்சு. நல்லதா இருக்கலாம், ஆனா எடைக்கு கணக்கு ஒன்னு தான்.

தோசைக்கு கரண்டில ஊத்துறத நிறுத்திட்டு ஒரு சின்ன ஸ்பூன் வச்சோம், ஓரத்த சுத்தி மட்டும் விட்டு மூடி போட்டு வேக வச்சா 12 தோசைக்கு 22 கிராம் போதும். ருசில வித்தியாசம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், முறுகல் கொஞ்சம் குறையும், ரெண்டு வாரத்துல பழகிரும். இப்ப ஆளுக்கு 24, 25 கிராம்ல நிக்குது. அதுலயே ஒரு நாளைக்கு நூறு கலோரிக்கு மேல குறையுது, ஒரு வாய் சோறு கூட குறைக்காம. நான் மூணு கிலோமீட்டர் நடக்கிறதுக்கு சமம் அது.

அம்மாவ எப்படி சம்மதிக்க வச்சேன்னு கேட்டீங்கன்னா, சம்மதிக்க வைக்கல, அவங்களா வந்தாங்க. முதல் வாரம் ஒரே சத்தம், "சோத்த நிறுத்தாடா திங்கிறது, வீட்டுக்கு ஆகுமாடா, தராசு கடைக்கு தான்டா"ன்னு. அவங்களுக்கு சுகருக்கு மாத்திரை ஓடுது, டாக்டர் மதியத்துக்கு ரெண்டு கரண்டி சோறு தாம்மான்னு சொல்லிருக்காரு. ஒரு நாள் அவங்க முன்னாடியே எங்க வீட்டு அன்னக்கரண்டிய நிறுத்து காட்டுனேன், தலை தட்டி எடுத்தா 95 கிராம், கோபுரமா அள்ளுனா 140. அப்ப ரெண்டு கரண்டின்னா 190ம் தான், 280ம் தான். "அப்ப அந்த டாக்டரு எந்த கரண்டிய சொன்னாரு?"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. அடுத்த தடவ கரண்டியவே பைல போட்டு எடுத்துட்டு போய் டாக்டர்ட்ட காட்டி 200 கிராம்னு எழுதி வாங்கிட்டு வந்தாங்க. இப்ப அவங்க தட்ட அவங்களே நிறுத்துக்கிறாங்க, மதியத்துக்கு மதியம் சோத்தோட அளவு மாறாம இருக்கிறதால சாப்பிட்ட பிறகு பாக்குற சுகர் முன்ன மாதிரி ஏறி இறங்கல. ஒன்னு முக்கியமா சொல்லணும், சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்க டாக்டர்ட்ட சொல்லாம சாப்பாட்ட திடீர்னு குறைச்சிராதீங்க, நடையும் கூட்டி சாப்பாட்டையும் குறைச்சா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வந்துரும், அது ஆபத்து.

இப்ப நான் பண்ண தப்பு. மே மாசம் எடை நல்லா இறங்க ஆரம்பிச்சதும் பேராசை வந்துருச்சு. முதல் பத்து நாள்லயே ரெண்டு கிலோ இறங்குச்சு, அது கொழுப்பு இல்லன்னு எனக்கு அப்ப தெரியாது. உடம்புல சேத்து வச்சிருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியோட தான் தங்கும், சாப்பாடு குறைஞ்சதும் அது செலவாகி தண்ணியும் போயிரும், அதான் அந்த முதல் ரெண்டு கிலோவுல பெரும்பங்கு. நான் என்னமோ இதே வேகத்துல போனா ஆடிக்குள்ள 70ன்னு கணக்கு போட்டு, சாப்பாட்ட 1,200 கலோரிக்கு கொண்டு வந்தேன், நடைய காலைல சாயங்காலம் சேத்து ரெண்டு மணி நேரம் ஆக்குனேன். மூணாவது வாரம் தெப்பக்குளம் சுவத்த புடிச்சுட்டு உக்காந்துட்டேன், கண்ணு இருட்டிருச்சு, கை நடுங்குது, அந்த அண்ணே தான் ஒரு இளநி வாங்கி குடுத்து ஆட்டோல கொண்டு வந்து விட்டாரு. அந்த மூணு வாரமும் வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்திருக்கேன், ராத்திரி தூக்கம் இல்ல, ஆபீஸ்ல மத்தியானத்துக்கு மேல ஒரு வேலையும் ஓடல. இவ்வளவு பண்ணியும் மூணாவது வாரம் எடை இறங்கவே இல்ல.

பக்கத்துல கிளினிக் வச்சிருக்கிற டாக்டர் ரொம்ப பொறுமையா சொன்னாங்க. சாப்பாட்ட ஒரேடியா வெட்டி உழைப்ப ஒரேடியா கூட்டுனா உடம்பு மத்த செலவ எல்லாம் சுருக்கிக்கும், நடக்காத நேரத்துல நீங்க அறியாமலே அசையாம கிடப்பீங்க, கொழுப்போட தசையும் கரையும், தசை போனா எடைய தாங்கி புடிக்கிறது கஷ்டம்னு. அப்புறம் நானே தேடி படிச்சதுல ஒன்னு ஆச்சரியமா இருந்துச்சு, தான்சானியாவுல ஹட்சான்னு வேட்டையாடி கிழங்கு தோண்டி வாழ்ற மக்கள், தெனம் நம்மள விட பல மடங்கு நடக்கிறவங்க, அவங்க ஒரு நாளைக்கு எரிக்கிற கலோரிய அளந்து 2012ல வெளியிட்டிருக்காங்க, உடம்பு சைஸ கணக்குல எடுத்துக்கிட்டா அமெரிக்காவுல ஆபீஸ் வேலை பாக்குறவங்கள விட பெருசா அதிகம் இல்லையாம். நடை கூடுனா எரியிறது அதே அளவுக்கு கூடிக்கிட்டே போகாது, உடம்பு எங்கயோ மிச்சம் புடிச்சுக்குது.

அப்ப எதுக்கு நடக்கணும்னு நீங்க கேட்கலாம், வீட்டுக்காரம்மாவும் அதான் கேட்டாங்க. நடையால வர்ற நன்மை எடைல மட்டும் தெரியாதுங்க. எனக்கு பிரஷர் இறங்கிருக்கு, தூக்கம் வருது, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கல. குறைஞ்ச எடை திரும்ப ஏறாம இருக்கிறதுக்கும் தொடர்ந்து அசைஞ்சுட்டு இருக்கிறவங்களுக்கு தான் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் வேகமான நடை மாதிரி ஏதாவது, கூடவே வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கிற பயிற்சி. நம்ம ஆளுங்க இந்த ரெண்டாவத விட்டுர்றோம். நான் ஜிம்முக்கு போகல, சேர்ல உக்காந்து கை ஊணாம எந்திரிக்கிறது, சுவத்துல கை வச்சு தள்ளுறது, அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி ரொப்பி தூக்குறது, வாரம் மூணு நாள் இருவது நிமிஷம், அம்புட்டு தான்.

சாப்பாட்ட 1,700 கிட்ட ஏத்திட்டேன், ஆனா ஏத்துனத சோத்துல ஏத்தல. நிறுத்து பாத்ததுல தெரிஞ்ச இன்னொரு உண்மை, நம்ம சாப்பாட்டுல புரதம் ரொம்ப கம்மி. ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் வேணும்னு இந்திய கணக்கு, எனக்கு 65, 70 கிராம் வரணும், எடைய குறைக்கும்போது தசை கரையாம இருக்க அதுக்கு மேலயே எடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. என் சாப்பாட்ட ஒரு நாள் முழுக்க நிறுத்து கூட்டுனா 45 தான் வந்துச்சு. சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன், நாலு பேருக்கு வைக்கிற சாம்பாருக்கு வேகாத பருப்பு 100 கிராம் போடுறாங்க, அதுல 22 கிராம் புரதம், ஆளுக்கு அஞ்சரை கிராம், ஒரு முட்டைல ஆறு இருக்கு. இப்ப காலைல தோசை மூணுக்கு பதிலா ரெண்டு, கூட ரெண்டு அவிச்ச முட்டை, வடைக்கு பதிலா சாயங்காலம் சுண்டல், மதியம் சோறு 430ல இருந்து 280, பொரியல் இரட்டிப்பு, தயிர். வாரம் ரெண்டு நாள் மீனோ கோழியோ குழம்பா. பசி இல்ல, அது தான் பெருசு, பசியோட இருந்தா எந்த டயட்டும் ஒரு மாசத்துக்கு மேல ஓடாது.

ஞாயித்துக்கிழம காலைல அந்த டீக்கடை வடை இன்னமும் உண்டு, ரெண்டு. அத விட்டா நான் மதுரைல இருக்கிறதுக்கே அர்த்தம் இல்ல. சாப்பிட்டு ஆப்ல நேர்மையா 350ன்னு போட்டுருவேன், நடந்து எரிச்சத கழிக்கிற செட்டிங்க நிரந்தரமா அணைச்சு வச்சிருக்கேன்.

தராசோட குறைகளையும் சொல்லிர்றேன். தானா அணையிறது எரிச்சலா இருக்கும், அணைஞ்சா டேர் பண்ணதும் போயிரும். பெரிய தட்டோ குக்கரோ வச்சா நம்பர மறைச்சிரும், கீழ குனிஞ்சு எட்டி பாக்கணும், அதுக்கு நான் ஒரு சின்ன கிண்ணத்த கவுத்து வச்சு டேர் பண்ணி அது மேல தட்டு வைக்கிறேன். ஃபேன் காத்து நேரா பட்டா ஒன்னு ரெண்டு கிராம் ஆடும். சூடான பாத்திரத்த நேரா வைக்காதீங்க, நம்பர் நகர்ந்துக்கிட்டே இருக்கும், பிளாஸ்டிக்கும் கெட்டுரும். மஞ்சள் கறை புடிச்சா போகாது, என்னோடது இப்பவே பாதி மஞ்சள். பக்கத்துல யூனிட் மாத்துற பட்டன் இருக்கு, தெரியாம அமுக்குனா அவுன்ஸுக்கு போயிரும், 250 கிராம் பருப்பு வச்சா 8.8ன்னு காட்டும், அம்மா ரிப்பேர்னு தூக்கி மூலைல வச்சுட்டாங்க ஒரு நாள். பெருங்காயம், ஈஸ்ட் மாதிரி ஒரு கிராம் ரெண்டு கிராம் நிறுக்க இது லாயக்கு இல்ல. பேட்டரி ஆறு மாசம் வந்துச்சு, தீரப் போற சமயத்துல எடைய தப்பா காட்டும், அதனால வாரம் ஒரு தடவ அரை லிட்டர் பால் பாக்கெட்ட வச்சு சரி பாப்பேன். 500 காட்டாது, 515, 518 மாதிரி காட்டும், பதறாதீங்க, பால் தண்ணிய விட கொஞ்சம் அடர்த்தி, அதோட கவரோட எடையும் இருக்கு. அது ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி காட்டுனா தராசு சரியா இருக்குன்னு அர்த்தம். கடைல வாங்கும்போது ஒரே பொருள நடுவுல வச்சு பாருங்க, அப்புறம் நாலு ஓரத்துலயும் வச்சு பாருங்க, ரெண்டு கிராமுக்கு மேல மாறுனா வேற பீஸ் கேளுங்க.

தராசோட பெரிய குறைன்னு நான் நினைக்கிறது மெஷின்ல இல்ல. எங்க வீட்ல பொண்ணுக்கு 14 வயசு. ஜூன் மாசம் ஸ்கூல் திறந்த சமயம், ஒரு நாள் காலைல அவளே தோசைய தட்டுல எடுத்துட்டு வந்து தராசுல வச்சு, "அப்பா, 90 கிராம் வருது, இது எவ்வளவு, நான் ஒன்னோட நிறுத்திக்கவா?"ன்னு கேட்டா. ஒல்லியான புள்ள அது. எனக்கு பக்குனு ஆயிருச்சு. வளர்ற புள்ள சோத்த பாத்து பயப்பட ஆரம்பிச்சா அது என் தொப்பைய விட ஆயிரம் மடங்கு பெரிய நோய். அன்னைக்கே வீட்ல ஒரு முடிவு பண்ணோம், சாப்பிடுற எடத்துல தராசு இருக்காது, புள்ளைங்க தட்ட யாரும் நிறுக்க மாட்டோம், கலோரிங்கிற வார்த்தைய அவ முன்னாடி பேச மாட்டோம். சமைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய், அரிசி, பருப்பு நிறுத்து போடுறதோட சரி, என் டப்பாவ அவ ஸ்கூலுக்கு போன பிறகு கட்டுறோம். அவளுக்கு அன்னைக்கு நானே பக்கத்துல உக்காந்து மூணு தோசை ஊத்தி வச்சேன், சாப்பிட்டா. வீட்ல புள்ளைங்க இருக்கிறவங்க தயவு செஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க, அதே மாதிரி ஏற்கனவே சாப்பாட்டு விஷயத்துல மனசு அலைபாயிறவங்களுக்கு இந்த தராசு வேணாம், அவங்களுக்கு இது உதவி இல்ல, தொல்லை.

பேண்ட தூக்கி போட்டுறலாமான்னா வேணாம். எத்தனை அடி நடந்தோம்ங்கிறத ஓரளவு சரியா சொல்லுது, ஒரு மணி நேரம் அசையாம உக்காந்தா அதிருது, அதுக்காகவே கட்டிருக்கேன். பத்தாயிரம் அடி நடந்தே ஆகணும்னு அது குடுக்கிற டார்கெட்ட நான் 7,500க்கு குறைச்சிட்டேன், அந்த பத்தாயிரமே 1965ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணுற கருவிய விக்கிறதுக்கு வச்ச பேர்ல இருந்து வந்தது தான். கலோரி காட்டுற பக்கத்த முகப்புல இருந்து எடுத்துட்டேன்.

ஏழு மாச கணக்கு இது தான், 84.6ல இருந்து 76.8, இடுப்பு 101ல இருந்து 93. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரின்னு வச்சா 7.8 கிலோவுக்கு 60,000, அத 210 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 285 தான். பேப்பர்ல நான் போட்ட கணக்குல தெனம் 450 குறைஞ்சிருக்கணும். நடுவுல சித்திரைத் திருவிழா, ரெண்டு கல்யாணம், ஆடிக் கூழு, தீபாவளி பலகாரம் எல்லாம் வந்துச்சு, எடை குறைய குறைய உடம்போட செலவும் குறையுது, அதெல்லாம் சேந்து மீதிய தின்னுருச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. தெனம் எடை பாக்குறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் எனக்கு 800 கிராம் கூட காட்டும், உப்பு புடிச்சு வச்சிருக்கிற தண்ணி அது, ஏழு நாள் சராசரிய போன வார சராசரியோட ஒப்பிட்டு பாருங்க. பிஎம்ஐ இன்னும் 27ல தான் இருக்கு, போக வேண்டிய தூரம் இருக்கு.

இப்ப நான் நிறுக்கிறது எண்ணெய்யும் மதிய சோறும் மட்டும் தான், மத்ததெல்லாம் ஓரளவு கண்ணுக்கு பழகிருச்சு, மாசம் ஒரு தடவ எல்லாத்தையும் நிறுத்து கண்ணு சரியா இருக்கான்னு பாத்துக்கிறேன். அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுக்கிறேன், அந்த அரை ஸ்டார் நம்பர மறைக்கிறதுக்கும் தானா அணையிறதுக்கும்.

போன வாரம் தெப்பக்குளத்துல அண்ணே அந்த தராச ஒரு நாலு நாளைக்கு குடு தம்பின்னு கேட்டு வாங்கிட்டு போனாரு. நேத்து நடக்கும்போது சொன்னாரு, அவங்க வீட்ல ரெண்டே பேரு, ஒரு நாளைக்கு மைனஸ் 94 காட்டுதாம், அண்ணியும் நேத்துல இருந்து கூட நடக்க வர்றாங்க. தராசு அவங்க வீட்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டு நான் இன்னைக்கு சாயங்காலம் அதே கடைல இன்னொன்னு வாங்கிட்டேன், 380 ஆக்கிட்டாங்க.